அறுபத்தைந்து வயதில் வீணை: ஓய்வுபெற்ற விமானிக்கு ஒரு பதில்

கேள்வி:

பயணிகள் விமானத்தில் கேப்டனாக இருந்து, 65 வயது நிறைந்ததும் போன வருடம் ஓய்வு பெற்றேன். அடையாறில் நானும் மனைவியும் மட்டும்தான். வேலையில் இருந்தபோதே கலை என்றால் ஆசை. வெளியூரில் தங்கும் நாட்களில் கூட வந்தவர்கள் கடைக்குப் போவார்கள், நான் மியூசியம் போவேன். லண்டனில் அமராவதிச் சிற்பங்கள், பாரிஸில் சோழர் காலத்து நடராஜர் எல்லாம் பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு வாட்டர்கலர், கேமரா, மாடல் விமானம் செய்வது என்று மூன்றைத் தொடங்கினேன். மூன்றும் பாதியில் நிற்கின்றன. இப்போது வீணை கற்க ஆசை. அக்கா கல்யாணமாகி அமெரிக்கா போனபோது விட்டுப்போன தஞ்சாவூர் வீணை பரணில் இருக்கிறது.

கச்சேரிக்குப் போனால் பத்து நிமிடத்துக்கு மேல் மனம் நிற்பதில்லை. ஆலாபனை நடக்கும்போது மைக் இரைச்சல், வயலின்காரர் எங்கே தவறவிட்டார், மணி என்ன என்றுதான் கவனம் போகிறது. மனைவி நாட்டியம் பார்க்கக் கூப்பிடுவாள், போனால் தூங்கிவிடுகிறேன். இன்னொன்று, கடைசி மருத்துவப் பரிசோதனைகளில் உச்ச ஒலிகள் இரண்டு காதிலும் குறைவாகக் கேட்பதாகச் சொன்னார்கள். இந்தக் காதை வைத்துக்கொண்டு வீணை கற்க முடியுமா? தினமும் இரண்டு மணி நேரம் சாதகம் செய்தால் இரண்டு வருடத்தில் ஒரு சின்னக் கச்சேரியாவது செய்யலாமா? நான் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் அட்டவணையை இணைத்திருக்கிறேன். 'வீட்டையே காக்பிட் ஆக்கிவிட்டீர்கள்' என்கிறாள் மனைவி. காலை மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் வாசிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற விமானி, சென்னை

பதில்:

அன்புள்ள கேப்டன் சாருக்கு, வணக்கம்.

கச்சேரிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். இரண்டு வருடத்தில் மேடை ஏற முடியாது. ஏறவும் வேண்டாம். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று படிப்படியாகப் போய், வர்ணம் என்னும் உருப்படி ஒன்றை இரண்டு காலத்திலும் (வேகத்திலும்) தடுக்காமல் வாசிக்கும் நிலைக்கு வருவதற்கே நல்ல கைக்கும் இரண்டு மூன்று வருடம் ஆகிவிடும். நீங்கள் அனுப்பிய அட்டவணையில் 'எட்டாம் மாதம்: வர்ணம்' என்று கட்டம் போட்டிருக்கிறீர்கள். புறப்படும் நேரத்தையும் போய்ச் சேரும் நேரத்தையும் முன்கூட்டியே எழுதிவைத்துப் பழகிய கை போட்ட கட்டம் அது. பார்த்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

உங்கள் கடிதத்தில் நான் நின்று யோசித்த இடம் வேறு. பத்து நிமிடத்துக்கு மேல் மனம் நிற்பதில்லை, பிழையைத்தான் காது தேடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ராகம் தெரியாததால்தான் இப்படி என்று நீங்கள் நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராகத்தின் பெயர்கூடத் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு இரண்டரை மணி நேரம் கேட்கும் மாமாக்கள் எந்த சபாவிலும் நாலு பேர் இருப்பார்கள்.

என்னிடம் வீணை படிக்கும் ஒருவர் விமானப்படையில் இருந்தவர். பயிற்சியில் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பது, கண்ணை ஒரு கருவியில் தங்கவிடாதே என்பதுதான் என்பார் அவர். செயற்கைத் தொடுவானத்தைப் (விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி) பார், வேகத்தைப் பார், திரும்பத் தொடுவானம், உயரம், திரும்பத் தொடுவானம், திசை. கண் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1972 டிசம்பர் 29ஆம் தேதி இரவு, மயாமியில் இறங்க வந்த ஒரு டிரைஸ்டார் விமானத்தில் மூக்குச் சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. பல்புதான் பழுது, சக்கரம் சரியாகத்தான் இருந்தது. காக்பிட்டில் இருந்த எல்லோருடைய கவனமும் அந்தச் சின்ன பல்பில் போய் நின்றுவிட்டது. உயரத்தைப் பிடித்துவைத்திருந்த தானியங்கி விடுபட்டு, விமானம் மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் மோதி நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

இப்படிப்பட்ட பாடங்களைப் படித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் சோதிக்கப்பட்டு, அத்தனை வருடம் ஓட்டிய கண்ணும் காதும் உங்களுடையவை. எதிலும் தங்காதே, மாறுபாடு எங்கே என்று பார், இல்லையென்றால் அடுத்ததுக்குப் போ. இதைத்தான் அவை சபாவிலும் செய்கின்றன. பாடகர் கல்யாணி ராகத்தை எடுத்து, காந்தார ஸ்வரத்தில் நின்று, அதை விட்டு இரண்டடி போய், மறுபடி காந்தாரத்துக்கே வந்து நிற்கிறார். ஐந்து நிமிடம் அதே இடம். அடுத்தது என்ன என்று காத்திருக்கும் காதுக்கு அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. அதனால் அது தனக்குத் தெரிந்த வேலையைத் தேடிக்கொண்டு போகிறது: மைக்கில் இரைச்சல், வயலினில் ஒரு பிசகு, கைக்கடிகாரம்.

மூன்று பொழுதுபோக்கு பாதியில் நிற்பதும் இதனால்தான் என்பது என் ஊகம். ஆக, நீங்கள் கற்க வேண்டிய முதல் விஷயம் வீணையே இல்லை. ஓரிடத்தில் தங்குவது. உங்கள் தொழிலில் அது உயிருக்கே ஆபத்து. இங்கே அது இல்லாமல் ஒன்றும் கிடைக்காது. நல்லவேளையாக, இதையும் பழக்கிக்கொள்ள முடியும்.

கொஞ்ச நாளைக்குக் கச்சேரியை விட்டுவிடுங்கள். எழும்பூர் மியூசியத்துக்குப் போங்கள். லண்டனில் நீங்கள் பார்த்த அமராவதிச் சிற்பங்கள் சென்னை வழியாகப் போனவைதான். குண்டூர் பக்கம் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய பௌத்த ஸ்தூபியிலிருந்து 1845இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்து மதராஸுக்கு அனுப்பினார். இங்கே சில வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்துவிட்டு, 1859இல் ஒரு பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. அமராவதியின் இன்னொரு பெரிய பகுதி எழும்பூரில்தான் இருக்கிறது. கடல் கடந்து போய்ப் பார்த்தவர், அடையாறிலிருந்து எழும்பூர் வராமல் இருப்பது உங்கள் தொழிலில் எல்லோருக்கும் நேர்வதுதான் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள்.

அங்கே ஒரு வட்டச் சிற்பம் இருக்கிறது, நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் கதை. அதன் முன்னால் மட்டும் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். பக்கத்துக் கூடத்துச் செப்புத் திருமேனிகள் இன்னொரு நாளைக்கு. முதல் பார்வையில் அது ஒரே கூட்டமும் குழப்பமுமாகத்தான் தெரியும். நின்றால்தான் யானை இரண்டு முறை வருவது பிடிபடும். இடப்பக்கம் மதம் பிடித்து ஓடிவருகிறது, வலப்பக்கம் புத்தர் காலடியில் மண்டியிடுகிறது. இரண்டும் ஒரே யானை, ஒரே வட்டம், நடுவில் கோடு கிடையாது. அப்புறம் மேல்மாடத்திலிருந்து எட்டிப்பார்க்கிற முகங்கள். அப்புறம் பயத்தில் பக்கத்து ஆளைப் பிடித்துக்கொள்கிற ஒரு பெண். இவ்வளவும் நின்றவருக்கு மட்டும் தெரியும். போட்டோ எடுக்காதீர்கள். கேமரா கையில் இருந்தால் அடுத்ததுக்கு ஓடச் சொல்லும். கால் வலித்தால் உட்காருங்கள், ஆனால் அதன் முன்னாலேயே உட்காருங்கள்.

காதுக்கும் இதே மாதிரிதான். ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அதையே கேளுங்கள். தோடி என்றால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடியில் ஆரம்பிக்கலாம். பழைய ஒலிப்பதிவு, கரகரப்பு இருக்கும், அதில் பிழை தேடிப் பயன் இல்லை. அதுவே உங்களுக்கு நல்லதும்கூட. தோடி கனமாகத் தோன்றினால் ஐந்தே ஸ்வரமுள்ள மோகனம் போதும். பாட்டு, நாகஸ்வரம், வீணை என்று மாற்றி மாற்றி, ஆனால் ராகத்தை மாற்றாமல். ராகத்தின் பெயர், மேளகர்த்தா எண், ஆரோகண அவரோகணம் எதையும் எழுதிவைக்காதீர்கள். எழுத ஆரம்பித்தால் அடுத்த வாரம் எக்செல் ஷீட் வந்துவிடும், எனக்குத் தெரியும்.

பிறகு டிசம்பரில் மியூசிக் அகாடமியில் காலை எட்டு மணி வாக்கில் நடக்கும் செயல்முறை விளக்க உரைகளுக்குப் போகலாம். எப்படியும் நீங்கள் விடியலுக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பவர். ஒரு வித்வான் ஒரு பிடியைப் பாடிக்காட்டி, ஏன் அப்படி என்று விளக்குவார். காரணம் தெரிந்தால் நிம்மதியாகக் கேட்கும் மனம் உங்களுடையது. மாலைக் கச்சேரிக்கு அதன் பிறகு வரலாம். கேன்டீனுக்கு மட்டும் எப்போது வேண்டுமானாலும்.

இப்போது வீணைக்கு வருகிறேன். உங்களுக்கு ஏன் வேறு வாத்தியம் வேண்டாம், வீணையே சரி என்று நினைக்கிறேன் தெரியுமா? வீணைக்கு 24 மெட்டு, அதாவது தண்டின் மேல் குறுக்கே வரிசையாக இருக்கும் உலோகக் கம்பிகள். ஒரு ஸ்வரத்துக்கு ஒரு மெட்டு என்று விரலை வைத்துக்கொண்டு போனால் சரளி வரிசை வரும், ராகம் வராது. ராகம் வர வேண்டுமானால், ஒரே மெட்டில் விரலை வைத்து, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அடுத்த ஸ்வரத்தையும் அதற்கு மேலுள்ளதையும் அங்கிருந்தே எடுக்க வேண்டும். வலது கை ஒருமுறைதான் மீட்டியிருக்கும், அந்த ஒரு மீட்டின் நாதம் கரைவதற்குள் இடது கை இதையெல்லாம் செய்து முடிக்கும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதற்கு எந்த அளவுகோலும் இல்லை. விரல் நுனியில் தெரியும் அழுத்தமும் காதில் விழும் ஸ்ருதியும் மட்டும்தான் சொல்லும். இறங்கும்போது கடைசி முப்பது அடியில் நீங்கள் கையில் உணர்ந்ததை எந்தக் கருவி காட்டியது? அந்தக் கை உங்களிடம் இருக்கிறது. அதை நம்பித்தான் உங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்.

வீணை தனம்மாள் (1867–1938) பற்றிப் படித்துப் பாருங்கள். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். மைக் கிடையாது. விரலில் மீட்டு என்கிற கம்பி வளையமும் போடாமல், நகத்தாலேயே மீட்டுவார். வீணையே சன்னமான ஒலி, அதிலும் அவர் வாசிப்பு இன்னும் சன்னம். கேட்க வந்த பெரிய பெரிய வித்வான்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்களாம். சத்தம் போட்டு மடக்கிப்பிடிக்கிற வாத்தியம் இல்லை இது, கேட்பவர்தான் கிட்டே போக வேண்டும்.

காது விஷயம். பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். வயதாலும், வருடக்கணக்கான இரைச்சலாலும் முதலில் குறைவது உச்ச ஒலிகள்தான், பெரும்பாலும் 3,000, 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல். வீணையை மூன்று கட்டை ஸ்ருதியில் சேர்த்தால் முதல் தந்தியான சாரணியின் ஸட்ஜம் (ஸ) சுமார் 165 ஹெர்ட்ஸ். கடைசி மெட்டு வரை போனாலும் அதன் ஸ்வரம் 660 பக்கம்தான் வரும். மிகத் தாழ்ந்த தந்தியான அனுமந்தரம் 60ஐ ஒட்டி. அதாவது ஸ்வரம் சரியா தப்பா என்று சொல்லும் ஒலி முழுவதும் உங்களுக்கு நன்றாகக் கேட்கும் பகுதியில் இருக்கிறது. நாதத்தில் உள்ள மினுமினுப்பு கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். மற்றபடி ஸ்ருதி பிடிபடாமல் போக இது காரணம் ஆகாது. பேச்சில் 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் மங்குவது உங்களுக்கு இதைவிடப் பெரிய தொந்தரவாக இருக்கும் என்று நினைக்கிறேன். மனைவி கூப்பிட்டால் காதில் விழாததுபோல் இருக்கிறீர்கள் என்று வீட்டில் புகார் இருந்தால், அதில் பாதி அதுதான்.

காது மருத்துவரைப் பார்த்து, புதிதாக ஒரு ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். காது மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இசை கற்கிறேன் என்று ஆடியாலஜிஸ்டிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேச்சுக்கென்று அமைத்த மெஷின், தம்பூராவின் நீண்ட ஒரே சீரான ஒலியைத் தன்னுடைய விசில் சத்தம் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். அப்போது ஸ்ருதி நடுங்குவதுபோல் கேட்கும். என்னிடம் வந்த ஒரு மாமி, மின்சாரத் தம்பூராப் பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று இரண்டு பெட்டி மாற்றிவிட்டார், அப்புறம்தான் காதில் இருக்கும் மெஷின் செய்த வேலை என்று தெரிந்தது. இசைக்கென்று தனி அமைப்பு ஒன்று போட்டுத் தருவார்கள், பாட்டு வகுப்பில் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். காதில் ரீங்காரம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரிலேயே கேளுங்கள்.

உடம்பு. நாற்காலியிலேயே காலம் தள்ளிய முழங்கால் சம்மணத்துக்கு உடனே ஒப்புக்கொள்ளாது. அடியில் கனமாக மடித்த ஜமுக்காளம், முதலில் பதினைந்து நிமிடம். முடியவே இல்லையென்றால் தாழ்வான திவான் மேல் உட்கார்ந்து வாசியுங்கள், சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள். இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி கோடு போடும். முதல் சில வாரம் எரியும், பிறகு காய்த்துப்போகும். வாசிக்கும்போது தேங்காய் எண்ணெய் லேசாகத் தொட்டுக்கொண்டால் விரல் வழுக்கிப் போகும். சர்க்கரை இருந்தால் மட்டும் கவனம், விரல் வெட்டுப்பட்டால் ஆறும் வரை வாசிக்காதீர்கள்.

பரணில் உள்ள வீணையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். இறக்கியதும் பிரடையை (தந்தியை இறுக்கும் முளை) முறுக்கிப் பார்க்காதீர்கள். அத்தனை வருடத் துருப்பிடித்த தந்தி அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும். முதலில் குடத்திலும் தண்டிலும் வெடிப்பு இருக்கிறதா, குடமும் தண்டும் சேரும் இடத்தில் ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை என்றால் அந்த ஒட்டு இருக்காது. அப்படியானால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அக்காவுக்கு ஒரு போன் போட்டு நன்றி சொல்லிவிடுங்கள். மெழுகு எப்படியும் காய்ந்து விரிசல் விட்டிருக்கும். மெட்டுகள் உட்கார்ந்திருப்பது தேன்மெழுகில்தான். அந்தப் பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது மெழுகு வார்த்து, 24 மெட்டையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு நகர்த்தி உட்காரவைக்க வேண்டும். இதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். மயிரிழை தள்ளிப் போனாலும் அந்த ஸ்வரம் கடைசி வரை தப்பாகவே பேசும். வருடக்கணக்கில் கை பழகியவர்கள் செய்யும் வேலை. தஞ்சாவூரிலும் இருக்கிறார்கள், மயிலாப்பூர் பக்கமும் வந்து செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். யூடியூப் பார்த்து நீங்களே செய்யக் கிளம்பிவிடாதீர்கள் என்று இதை எழுதுகிறேன். மாடல் விமானம் செய்யும் கை என்பதால் எனக்கு அந்தப் பயம் நிஜமாகவே இருக்கிறது. உங்கள் வீட்டில் நீங்களே செய்துகொள்ளக் கூடிய ஒரே ரிப்பேர், பிரடை வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ் பொடி தடவுவது.

வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம். தந்திகள் முழுவதும் புதிதாக மாற்ற வேண்டும், வாசிக்கும் நாலும் தாளத்துக்கு உள்ள மூன்றும்.

ஆசிரியரைத் தேடும்போது, பெரிய வித்வான் என்பதைவிடப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் உள்ளவரா என்று பாருங்கள். குழந்தைக்கு 'இப்படி வாசி' என்றால் வாசித்துவிடும். உங்களைப் போன்றவர் 'ஏன் மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பிக்கிறோம்' என்று கேட்பார். கேட்டால் எரிச்சல் படாத ஆசிரியர் வேண்டும். பெரும்பாலும் அவர் உங்களைவிட முப்பது வயது சின்னவராக இருப்பார். இதில் மட்டும் எனக்குக் கவலையே இல்லை. உங்களைவிடச் சின்னவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சோதித்து, தப்பு சொல்லி, நீங்கள் அதைக் கேட்டுத் திருத்திக்கொண்ட வாழ்க்கை. ரிடையரான எத்தனையோ அதிகாரிகளுக்கு இது வராது. முதல் வகுப்பிலேயே கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நேரில் போய்ப் படியுங்கள். வீடியோ வகுப்பில் தந்தியை எவ்வளவு இழுக்கிறீர்கள் என்பது ஆசிரியருக்குச் சரியாகத் தெரியாது, உங்கள் மணிக்கட்டு எங்கே விறைக்கிறது என்பதும் தெரியாது. வாரம் இரண்டு வகுப்பு, வீட்டில் தினமும் முக்கால் மணி. அட்டவணையில் உள்ள இரண்டு மணி நேரம் இந்த வருடத்துக்கு வேண்டாம், தோளும் விரலும் தாங்காது. சிமுலேட்டரில் ஒரே இறக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்ததுபோல், ஒரே சரளி வரிசையை முதல் காலத்தில் மட்டும் வாசியுங்கள். இரண்டாம் காலம், மூன்றாம் காலம் எல்லாம் ஆசிரியர் சொல்லும்போது. வேகமாக வந்துவிட்டது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

அட்டவணையைக் கிழித்துப்போடச் சொல்ல மாட்டேன். ஸ்ருதி சேர்ப்பதற்குச் செக்லிஸ்ட் போட்டுக்கொள்ளுங்கள். சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம், பிறகு தாளத் தந்திகள், கடைசியில் தந்திகளின் முனையைக் கட்டியிருக்கும் நாகபாசத்தில் உள்ள வளையங்களை நகர்த்தி நுணுக்கமாகச் சரிசெய்வது. வரிசை மாறாமல் தினமும் செய்தால் அதுவே பாதி சாதகம். ஆனால் கேட்பதற்கும் பார்ப்பதற்கும் கட்டம் போடாதீர்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்களே, அதையும் எடுத்துவிடுங்கள். சமையலறை உங்கள் மனைவியுடையது.

நாட்டியம் பார்க்கும் விஷயத்தில் பொறுப்பை முழுவதும் அவர்களிடமே விட்டுவிடலாம். எதற்குப் போவது, எங்கே உட்காருவது, எப்போது எழுந்து வருவது எல்லாம் அவர்கள் முடிவு. வர்ணத்தில் தூங்கினால் பரவாயில்லை, பதம் வரும்போது மட்டும் எழுப்பச் சொல்லுங்கள். பதத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். ஆடுபவர் ஒவ்வொரு முறையும் அதே வரிக்கு வேறொரு முகம் காட்டுவார், கோபம், கெஞ்சல், கேலி என்று. எழும்பூரில் நின்று பழகிய கண்ணுக்கு இதில் வேலை இருக்கும். பதத்துக்கு அபிநயம் என்றால் பெரியவர்கள் பாலசரஸ்வதியைத்தான் (1918–1984) சொல்வார்கள். அவர் வீணை தனம்மாளின் பேத்தி. பழைய படப்பதிவுகள் கிடைக்கும், இரண்டு பேரும் சேர்ந்து வீட்டிலேயே பாருங்கள். உங்களுக்குப் புரியாத இடத்தை அவர்கள் சொல்லட்டும். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள்தான் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்திருப்பீர்கள் என்று ஒரு சந்தேகம் எனக்கு.

பாதியில் நிற்கும் மூன்றில், மாடல் விமானத்தை யாராவது பள்ளிக்கூடப் பையனுக்குக் கொடுத்துவிடுங்கள். பழைய வேலையை அது ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும், அதில் தப்பில்லை, ஆனால் இப்போது வேண்டாம். கேமராவை அலமாரியில் வையுங்கள். வாட்டர்கலரை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் பென்சிலோடு. வீணையை எதிரில் வைத்து அதன் முனையில் உள்ள யாளி முகத்தை மட்டும் வரையுங்கள். நன்றாக வந்ததா என்று யாருக்கும் காட்ட வேண்டாம். விரல் எரிச்சலில் வாசிக்க முடியாத நாட்களுக்கு அது உதவும்.

மூன்றரை மணி விழிப்புக்கு நான் மருந்து சொல்ல முடியாது. பல வருட இரவுப் பயணம் உடம்பில் விட்டுப்போனதாக இருக்கலாம் அது. தொடர்ந்தால் டாக்டரிடம் கேளுங்கள். வாசிப்பதைப் பொறுத்தவரை, வீணைச் சத்தம் கதவைச் சாத்தினால் அடுத்த அறைக்குப் போகாது. தம்பூராப் பெட்டிதான் அபார்ட்மெண்ட் சுவரில் இறங்கிப் பக்கத்து வீடு வரை போகும். அதைக் கீழே துணி போட்டு வைத்து, சத்தத்தைக் குறைத்து, ஆறு மணிக்கு மேல் போடுங்கள். அதுவரை பால்கனியில் உட்கார்ந்து காபி குடியுங்கள். வீட்டில் அவர்கள் எழுந்திருக்க இன்னும் நேரம் இருக்கிறது.